எந்தக் குழாயில் மீன்?

"மீன் குடல்ல வர்ற நெருப்புல அம்மனுக்குப் பொங்கலா? நான் தலைவரா இருக்கற வரைக்கும் நடக்காதுலா."

தன் மளிகைக் கடை லோரியைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு, நேராக மடப்பள்ளிக்கு வந்திருந்தார் உடையப்பன்.

கலாதேவி அசரவில்லை. ஈப்போவுக்கு வெளியே ரப்பர் மரங்கள் போய் வீடுகள் வந்த பிறகும் மிஞ்சி நிற்கும் தோட்டத்து மாரியம்மன் கோயில் அது. அதன் பின்புறத்தில்தான் அவளுடைய கேஸ் தொட்டி இருந்தது. புந்தோங் மார்க்கெட்டின் மீன் கழிவும் மாட்டுச் சாணியும் காற்றுப் புகாமல் அதற்குள் மக்கி கேஸாக மாறும். திருவிழா அன்னதானத்தை அந்தக் கேஸில் சமைக்கத்தான் இரண்டு வருடமாகப் பாடுபட்டிருந்தாள். கோயில் தலைவர் மறுத்துவிட்டால் தொட்டியைப் பிரிக்க வேண்டியதுதான்.

"சாணி சுத்தம். அதை மட்டும் போடு, யாரு வேணாங்கறா?"

"வெறும் சாணியில டீ போடலாம், அண்ணே. ஊருக்கே சோறாக்க முடியாது. மீன் சேர்ந்தாத்தான் கேஸ் நிறைய வருது."

"கவிச்சியும் சேர்ந்துல்ல வரும்."

"வராது. துருப்பிடிச்ச இரும்புத் தூளுக்குள்ள புகுந்துதான் வெளிய வருது. நாத்தத்தை அது பிடிச்சு வச்சுக்கும்."

"என் மூக்கை ஏமாத்த முடியாதும்மா. அடுத்த தெருவுல நெத்திலி வறுத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும்."

பூசணி நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரர் சன்னாசி, சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்.

"அப்ப அந்த மூக்கே சொல்லட்டும்."

சுவரின் துளை வழியாக உள்ளே வந்திருந்த இரண்டு குழாய்களைக் காட்டினாள் கலாதேவி.

"ஒன்னுல மீன் போட்ட கேஸ். இன்னொன்னுல மீனே கிடையாது. சரியாச் சொல்லிட்டா நாளைக்கே தொட்டியைப் பிரிச்சிடறேன். தப்பாச் சொன்னா, அன்னதானம் என் கேஸ்லதான்."

"நான் தப்பாச் சொல்றதா? சன்னாசி, அடுப்பை அணைலா."

இடது குழாயை லேசாகத் திறந்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"இது சாணி. கோமாதா வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு."

வலது குழாயைத் திறந்தவர், சட்டென்று மூடித் துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"ஐயோ, இதுதான். கேஸ் வாசனைக்கு அடியில கவிச்சி ஒளிஞ்சிருக்கு. கெம்போங் மீனோட குடல், சந்தேகமே இல்ல."

"கெம்போங்கேதானாண்ணே?" என்றார் சன்னாசி.

"நீ சமையல்காரன், உனக்குத் தெரியல பாரு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அண்ணே" என்றாள் கலாதேவி.

"யோசிக்க என்ன இருக்கு? இந்தச் சனியன் இனிமே மடப்பள்ளிப் பக்கமே வரக்கூடாது. சன்னாசி, வெளிய போய் முதல்ல அந்தக் குழாயைக் கழட்டு."

சன்னாசி கையைத் துடைத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது அவர் தோளில், வெள்ளிக்கிழமைதோறும் உடையப்பனின் கடையிலிருந்து கோயிலுக்கு வந்து இறங்கும், சமையல் கேஸ் அடைத்த இரும்புத் தோம்பு இருந்தது.

"தலைவரே, இதை உங்க லோரியிலயே ஏத்திடவா?"