மான்டாவா, கேப்ரியா?

இப்போதெல்லாம் யார் தொட்டுப் பார்த்துக் கார் வாங்குகிறார்கள்? போனில் படம் பார்த்ததும் கிளம்பி வந்துவிடுகிறார்கள். ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் ஒரு கார் கொட்டகை வாசலில் நின்றபடி கிழவர் அல்ஃபோன்ஸ் இப்படித்தான் முணுமுணுத்தார்.

உள்ளே மஞ்சள் நிறத்தில் பழைய ஓப்பல் மான்டா. விளம்பரம் பார்த்து வந்த டோர்ஸ்டன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"தம்பி, இந்தக் காசுக்கு ஃபோர்டு கேப்ரி கிடைக்கும். அதை வாங்கு."

"ஏன் பெரியவரே?"

"கேப்ரியில ஆறு சிலிண்டரே உண்டு. மிதிச்சா பறக்கும். இதுக்கு நாலுதான். மான்டா ஓட்டுறவனை வச்சு ஊரே ஜோக் சொல்லிச் சிரிச்சுது, தெரியுமில்ல?"

"வளைவுல இதுதான் நல்லா ஒட்டிப் போகுமாமே?"

"எவன் சொன்னான்? இன்டர்நெட்டா?"

டோர்ஸ்டன் போனை எடுத்துக் காட்டப் போனான். அதற்குள் விளம்பரம் கொடுத்த ஹில்டே வந்துவிட்டாள்.

"அம்மா, பக்கத்துக் கொட்டகைக்காரர் கேப்ரி பைத்தியம் போல. வாங்கவே விடமாட்டேங்கிறார்."

"பக்கத்துக் கொட்டகையா? என் புருஷன்ப்பா! வண்டியே அவரோடதுதான். கண்ணு மங்கிடுச்சு, ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உனக்கு முன்னாடி வந்தவங்களையும் இப்படித்தான் துரத்தினார்."

டோர்ஸ்டன் சிரித்துவிட்டான். "விக்காம இருக்க இவ்வளவு பாடுபடறவர், வண்டியை நல்லாத்தான் வச்சிருப்பார். நான் எடுத்துக்கறேம்மா. பெரியவரே, ஞாயித்துக்கிழமை வரேன். பக்கத்து சீட்டுல உட்காருங்க, ஒரு சுத்து போகலாம்."

"பக்கத்து சீட்டுல உட்கார்ந்து போறதுக்கு பஸ் இருக்கு," என்று சொல்லிவிட்டு அல்ஃபோன்ஸ் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.