றீற்றாவின் கன்ரனீஸ்

"ஜொக் லாவ்" என்றாள் றீற்றா. சீமோன் மறுபேச்சில்லாமல் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டார். "டாய் மோவ்" என்றதும் தொப்பியைப் போட்டார்.

கன்ரனீஸ் என்ற சீனமொழியில் உடுப்பு போட 'ஜொக்'. தொப்பி, கையுறை வகையறாவுக்கு 'டாய்'. முதியோர் இல்லத்தில் றீற்றா பராமரித்த, கன்ரனீஸ் மட்டுமே தெரிந்த மிஸிஸ் லாமுக்கு, எதைப் போடப்போகிறோம் என்று முதலில் சொல்லவேண்டும். சொல்லாமல் தொட்டால் பதறிப்போவாராம்.

அதற்கான ஒத்திகை காலையில் புருஷன்மேல் நடக்கும். மற்றபடி நோயாளிகளின் சங்கதி எதையும் அவள் வீட்டில் மூச்சுவிட்டதில்லை. வேலைச் சட்டம் அப்படி.

"டாய் சவ் மட்."

கையுறை போடச் சொல்கிறாள். சீமோன் கையுறையை எடுத்தார், பிறகு வேண்டுமென்றே அலுமாரிக்குள் எறிந்தார். றீற்றாவை அடக்கம் செய்து இது இரண்டாவது மாரி.

"அப்பா, உது உங்கட மனசு செய்யிற வேலை. றூஜில இருக்கிற இந்த வீட்டை வித்துப்போட்டு எங்களோட அஜக்ஸுக்கு வாங்கோ" என்று மகள் கரோலின் அழாத குறையாகக் கெஞ்சுகிறாள்.

இன்று ஒருநாள் றீற்றாவின் சொல்வழி கேளாமல், கையுறையில்லாமல் போய்ப் பார்ப்பது, ஒன்றும் நடக்காவிட்டால் வீட்டை விற்றுவிடுவது என்று சீமோன் முடிவுகட்டியிருந்தார். அந்தக் குரலை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை.

மிஸிஸ் லாமுக்கென்று றீற்றா பின்னிவைத்த சால்வை ஒன்று வீட்டில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக அந்த இல்லத்துக்குப் போனார்.

றீற்றாவோடு வேலை செய்த கிளடிஸ் சால்வையை வாங்கிக்கொண்டு அவரை அறைக்குக் கூட்டிப்போனாள். காலடிச் சத்தத்துக்கு மிஸிஸ் லாம் முகம் திருப்பினார். கிளடிஸ் இவர் யாரென்று சொல்ல வாயெடுக்குமுன்பே, கிழவி விரலை ஆட்டி அதட்டினார்.

"டாய் சவ் மட்!"

சீமோன் வெட்கத்தோடு விறைத்த கைகளைப் பின்னால் ஒளித்தார்.

"பாத்தியே பிள்ளை, வந்ததும் வராததுமா நான் கிளவ்ஸ் போடாததைக் கண்டுபிடிச்சிட்டா. மனுசி கெட்டிக்காரிதான்!"

கிளடிஸ் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த சால்வை நழுவி விழுந்தது.

"அண்ணை... அவவுக்குக் கண் தெரியாதே!"