மடிப்புக் கலையாத புரதம்

கணினி கணக்குப் போட்டுப் படைத்த புதுப் புரதத்துக்குத் தலைகால் புரியவில்லை. கொதிநீர்ச் சோதனையில் தன்னோடு பிறந்ததெல்லாம் குலைந்துபோக, அது மட்டும் மடிப்புக் கலையாமல் நின்றதே!

"உங்களை மாதிரி நெளியற ஆள் நான் இல்ல அண்ணே," என்றது, பக்கத்துக் குழாயில் மூலக்கூறுகளை வெட்டிக்கொண்டிருந்த இயற்கை நொதியிடம்.

"நெளியாம, வெட்டின துண்டை எப்படி வெளியே விடுவே?" என்றது நொதி.

புரதம் சிரித்தது.

முதல் வேலை வந்தது. ஒரு மூலக்கூறு புரதத்தின் குழிக்குள் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. புரதம் அதை ஒரே வெட்டில் இரண்டாக்கியது.

"வேலைதான் முடிஞ்சிருச்சே, எங்களை விடு," என்றன துண்டுகள்.

புரதம் ஆன மட்டும் முக்கிப் பார்த்தது. இம்மியும் அசைய வரவில்லை.

உதவாது என்று ஆய்வகத்தார் அதைக் கழிவோடு கொதிகலனில் கொட்டினார்கள். மற்றதெல்லாம் வெந்து அடங்கியது. புரதத்தின் மடிப்பு அங்கேயும் கலையவில்லை. குழிக்குள்ளிருந்து "விடு, விடு" என்ற முனகலும் ஓயவில்லை.