தேக்குத் தரை

"வீடு மாத்துறேன் மாமா. ஒரு கட்டில், ஒரு பீரோ, அவ்வளவுதான். உங்க பிக்கப்பைக் கொஞ்சம் குடுங்க."

அவளுடைய தம்பி கேட்டதும் அவள் கணவர் ஷெட் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"பீரோவா? பின்னாடி முழுக்கத் தேக்குல தரை போட்டு, வார்னிஷ் அடிச்சுக் கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன். கீறல் விழுந்தா யாரு பொறுப்பு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ கழித்துப்போட்ட பழைய பிக்கப்பை வாங்கி, தகரம் தட்டி, பெயின்ட் அடித்து, ஆசாரியை வைத்துப் பலகை இழைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பீற்றிக்கொள்கிறார். எதிர்வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் ஏற்றக் கேட்டபோதும் இதே பல்லவிதான். தெருவே கஞ்சன் என்கிறது. இப்போது தன் தம்பிக்குமா?

"சாமான் ஏத்தாத வண்டி எதுக்குங்க? சாவியைக் குடுங்க, அவனே ஓட்டிக்குவான்."

"ஓட்டவா..." என்று இழுத்தவர், அவளை மட்டும் ஷெட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். திருட்டு முழியோடு பானெட்டைத் தூக்கினார்.

உள்ளே சிமென்ட் தரை தெரிந்தது.

"இன்ஜின் எங்கேங்க?"

"மெதுவாப் பேசு! தேக்கு வாங்கக் காசு பத்தலை. அதான் இன்ஜினை வித்துட்டேன்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வெளியே தம்பி கதவைத் தட்டினான். இது தெருவுக்குத் தெரிந்தால் எந்த முகத்தோடு நடமாடுவது? பானெட்டைத் தானே சத்தமில்லாமல் இறக்கிவிட்டு, விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

"ஏன்டா, உன் ஓட்டை பீரோவை ஏத்தவா அவரு தேக்குல தரை போட்டிருக்காரு? போய் வேற வண்டி பாருடா!"