அமைதி வேளை

பொன்னுலிங்கம் எதையும் தம் கையாலேயே செய்துகொள்ளும் பழக்கமுடையவர். விண்மீன்களின் வானொலி அலைகளைக் கேட்கும் கருவியையும் எண்ணெய்த் தகரத்தாலும் கோழிவலையாலும் செய்து மாடியில் நிறுத்தியிருந்தார். தெருவுக்கு ஒரு வான்கருவிதான் என்று சட்டம் வந்தபோது, உரிமம் குலுக்கலில் எதிர்வீட்டுச் செசிலிக்கு விழுந்தது. பொன்னுலிங்கத்தின் கருவியை அதிகாரிகள் முடக்கி முத்திரை வைத்தனர்.

நாள்தோறும் மாலையில் அமைதி வேளை. செசிலி வானைக் கேட்கும் அப்பொழுது, தெருவில் வேறு மின்பொருள் எதுவும் இயங்கலாகாது. பொன்னுலிங்கம் தம் செவிக்கருவியையும் கழற்றவேண்டும். அவள் வானைக் கேட்கத் தாம் செவிடாவதா என்று அவருக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரமாக அவர் அதைக் கழற்றவேயில்லை.

சனிக்கிழமை, அமைதி வேளையிலேயே செசிலி வந்து கதவைத் தட்டினாள்.

“அண்ணாச்சி, ஒரு வாரமா ஒரே இரைச்சலா கேக்கு. செத்த வந்து பாருங்களேன்.”

“உரிமம் ஒனக்குத்தானம்மா விழுந்துச்சு?”

“சீட்டு எனக்கு விழுந்துச்சு. காது ஒங்களுக்குல்லா இருக்கு!”

சிரித்துக்கொண்டே அவள் முன்னே நடந்தாள். அவள் வீட்டு மாடிப்படியில் அவர் ஏற ஏற, மேலே ஒலிபெருக்கியில் இரைச்சல் கூடிற்று. அமைதி வேளையில் கதவு தட்டியதும் தாம் எழுந்து வந்ததே செவிக்கருவி காதில் இருப்பதைக் காட்டிக்கொடுத்திருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் செவிக்கருவியைக் கழற்றி அணைத்தார்.

இரைச்சல் அடங்கியதை அவர் கேட்கவில்லை. செசிலியின் முகம் மலர்ந்ததைக் கண்டே அறிந்தார். அந்த மலர்ச்சியைக் கண்டும் அவருக்கு வயிறு எரியத்தான் செய்தது.

“நாளையும் கழத்தி வச்சிருதேன்” என்றார்.