புறப்படாத ரொக்கெட்

“சத்தத்தைக் கூட்டாதேங்கோப்பா. எனக்கு நெஞ்சு பதறுது” என்றாள் இராசேஸ்வரி.

கணவர் பேரின்பநாயகம் ரிமோட்டைக் கீழே வைத்தார். தொலைக்காட்சியில், கடற்கரை ஓரமாக ஒரு ரொக்கெட் வெண்புகை கக்கிக்கொண்டு நின்றது. அத்திலாந்திக் கடலுக்கு அந்தப் பக்கம், மகள் வேலை செய்யும் நாட்டில், அப்போதுதான் விடிந்திருந்தது. இவர்கள் குடியிருக்கும் இத்தாலிய நகரமான பலேர்மோவில் மத்தியானம் கழிந்துவிட்டது. சன்னலுக்குக் கீழே பல்லரோச் சந்தை மீன்காரர்கள் தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இதையோ அக்கா எங்கட துசானி செய்தவ?” என்று கேட்டாள் கீழ்வீட்டு நிரோசினி.

“முழுக்க இல்லை. எஞ்சின் பகுதியிலை.”

மகளின் வேலையைப் பற்றி இராசேஸ்வரிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். துசானி எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறாள். பாதி இத்தாலியனும் பாதி இங்கிலீசுமாக அவள் சொல்லத் தொடங்கினால், தாய்க்குப் பிடிபடுவது எஞ்சின் என்ற ஒரு சொல்தான்.

“உள்ளுக்கு ஆக்கள் இருக்கினமோ?” என்று நிரோசினி கேட்டாள்.

“இல்லை. சாப்பாடு, தண்ணி, மருந்து. மேலை விண்வெளி நிலையத்திலை இருக்கிற சனத்துக்கு” என்றார் பேரின்பநாயகம். “கூலிக்குச் சாமான் ஏத்திப் போற கம்பனி இது. எங்கட லொறிக்காரர் மாதிரி.”

போன வருசமும் இந்தக் கம்பனி இப்படித்தான் ஏற்றி அனுப்பியது. கிளம்பிய கையோடு எஞ்சின் வெடித்து, ஏற்றிய அவ்வளவும் எரிந்து கடலில் விழுந்தது. எஞ்சின் பகுதிப் பொறுப்பாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகுதான் துசானியை அந்தப் பகுதிக்கு மாற்றினார்கள்.

“வெடிச்ச சாமானைக் கொண்டுவந்து என்ர பிள்ளையின்ர தலையிலை கட்டிப்போட்டாங்கள்” என்று இராசேஸ்வரி அன்று தொடங்கிய புலம்பலை இன்னும் விடவில்லை.

“காலமை போன் எடுத்தவளோ அக்கா?”

“எடுத்தவள். குரலே சரியில்லை. சாப்பிட்டியோ எண்டு கேட்டால், பிறகு சாப்பிடுறன் எண்டாள். இதுவும் வெடிச்சால் அவளையும் வீட்டை போ எண்டு சொல்லிப்போடுவாங்கள்.”

“சும்மா வாயை வைக்காதை” என்றார் பேரின்பநாயகம்.

திரையில் எண்கள் இறங்கத் தொடங்கின. இராசேஸ்வரி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். கண்ணால் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினாள். கூடத்திலிருந்து பெரிய இரைச்சல் ஒன்று கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

“மேலை போயிட்டுதோ?” என்று குரல் கொடுத்தாள்.

ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

ரொக்கெட் நின்ற இடத்திலேயே நின்றது. அடியில் கரும்புகை மட்டும் சுருண்டது.

“பத்தினது. உடனை அணைஞ்சு நூந்துபோச்சு” என்றார் பேரின்பநாயகம். “எஞ்சின் ஒண்டிலை ஏதோ பிழையாம். இண்டைக்கு இனிப் போகாதாம்.”

“மேலை இருக்கிற சனம் பட்டினியோ?” என்று நிரோசினி மெல்லக் கேட்டாள்.

“அவையளிட்டைக் கையிருப்பு இருக்கும்.”

இராசேஸ்வரி அப்படியே கதிரையில் உட்கார்ந்தாள். தான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவுக்கும் ‘என்ர மகளின்ர ரொக்கெட், கட்டாயம் பாருங்கோ’ என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். நாளைக்கு அந்த மனுசிக்கு என்ன சொல்வது? அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது. பிள்ளை அங்கே தனியாக, யாருடைய முகத்தையும் பார்க்க முடியாமல் நிற்பாளே என்பதுதான் மனதில் நின்றது.

“எடுத்துக் கதையுங்கோப்பா.”

“இப்ப எடுக்கப்படாது. அவளே எடுக்கட்டும்.”

நிரோசினி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். யாரும் தொடவில்லை. நெடுநேரம் கழித்து போன் அடித்தது. இராசேஸ்வரி பாய்ந்து எடுத்தாள்.

“அம்மா, பாத்தனீங்களோ?”

துசானி அழுகிறாள் என்பது முதல் சொல்லிலேயே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் சேர்ந்து கத்தும் சத்தம். பிள்ளையை நிற்க வைத்து ஏசுகிறார்கள் என்று இராசேஸ்வரி நினைத்தாள்.

“பாத்தனான் ராசாத்தி. அழாதை. எஞ்சின் நிண்டால் நிக்கட்டும். அவங்கள் என்ன சொன்னாலும் ஒண்டும் திருப்பிக் கதையாதை. உடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டை வா. நானும் அப்பாவும் உழைக்கிறம்தானே. இஞ்சை உனக்கு ஒரு குறையும் வராது.”

“ஏனம்மா வீட்டை வாறது?”

“வேலை போயிட்டுதெல்லோ?”

மறுமுனையில் அழுகை சிரிப்பாக மாறியது. சிரித்துச் சிரித்து, மூக்கை உறிஞ்சி, துசானி மூச்சை இழுத்துவிட்டாள். இராசேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனைக் கணவருக்கும் கேட்கும்படி நீட்டிப் பிடித்தாள்.

“அம்மா, இவையள் ஏசேல்லை, எனக்குக் கைதட்டினம்” என்றாள் துசானி. “எஞ்சின் வெடிக்க முந்தி பிழையைக் கண்டுபிடிச்சு நூக்கிறதுக்குத்தான் என்னை இந்தப் பகுதியிலை போட்டவை, இண்டைக்கு ரொக்கெட்டை நிப்பாட்டினதே நான் செய்த சாமான்தான்.”