மலையில் எறிய வந்த திறப்பு

கதிரவேலு இடுப்புக் கொடியில் கட்டியிருந்த வீட்டுத் திறப்பை, அந்தப் பழைய சாவியை, அவிழ்த்துக் கையில் எடுத்தார். ஹுவாஷான் மலையின் விளிம்பில், சங்கிலியைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். கீழே முகில்தான் தெரிந்தது.

எழுபத்திரண்டு வயதில் சீனாக்காரரின் சாமி மலையில் ஏறி நிற்கிறார். பாதித் தூரம் கேபிள் காரில் வந்ததை அவர் கணக்கில் சேர்ப்பதாக இல்லை. கீரிமலைக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு மலை ஒரு பொருட்டா என்று, இங்கே வேலை பார்க்கும் மகன் றஜிந்தனிடம் சவால் விட்டுத்தான் வந்தார். கீரிமலையில் மலையே இல்லை, கடலும் கேணியும்தான் என்பது வேறு கதை.

மனைவி இராசாத்தி படிக்குப் படி "முருகா" என்றபடி ஏறினாள். குன்று இருக்குமிடமெல்லாம் குமரன் இருப்பான், சீனாவில் மட்டும் இல்லாமல் போவானா? கொண்டை போட்ட தாவோ பூசாரி ஊதுபத்தியை நீட்டியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாமிக்கு முன்னால் ஊர் முருகன் கோயிலான செல்வச்சந்நிதியின் திருநீற்றில் ஒரு சிட்டிகை வைத்தாள்.

சங்கிலி முழுக்கப் பூட்டுகள். பூட்டிவிட்டுத் திறப்பைப் பள்ளத்தில் எறிந்தால், பூட்டியது என்றைக்கும் பூட்டியபடியே இருக்கும் என்பது இந்த மலையின் நம்பிக்கை. றஜிந்தன் அதைப் போனில் சொன்ன மறுநாளே கதிரவேலு பாஸ்போட்டுக்கு அலையத் தொடங்கிவிட்டார்.

அவரிடம் பூட்டு இல்லை. திறப்பு மட்டும்தான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில், காங்கேசன்துறையில் ஷெல் விழ விழ, சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டே "பூட்டியாச்சோ?" என்று அவர் கத்த, இராசாத்தி ஓடிவந்து திறப்பை அவர் கையில் வைத்தாள். ஒரு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்தார்கள். ஆமி பிடித்த காணி விடுபட இருபத்தெட்டு வருடம் ஆனது. போய்ப் பார்த்தால் கிணறு மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகும் அவர் அசையவில்லை. தன் வாசலைத் தாண்டி ஒருத்தனும் உள்ளே போகவில்லை, சுவரை இடித்துத்தான் போயிருப்பான் என்பார். எதையும் நேரில் கண்டவர் மாதிரித்தான் சொல்லுவார். விமான நிலையத்தில் சோதனைக் கருவி கீச்சிட்டபோதும், வீட்டுத் திறப்பு என்று பெருமையாகவே காட்டினார்.

இப்போது எறிந்துவிட்டால் அந்த வீடு இனி யாருக்கும் திறக்காது. அவருக்கு அது போதும்.

கையை ஓங்கினார்.

இராசாத்தி மணிக்கட்டைப் பிடித்தாள். முப்பத்தைந்து வருடம் அவருடைய பெருமைக்குப் பயந்து வாய் திறக்காமல் இருந்தவள். முருகன் பார்த்துக்கொண்டிருக்கும் மலையில் அவளால் அப்படி நிற்க முடியவில்லை.

"எறியாதேங்கோ. நான் அண்டைக்குப் பூட்டேல்லை. கரைப்பக்கத்துச் சனம் குஞ்சும் குருமானுமா ஓடி வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து விட்டிட்டுத்தான் வந்தனான்."

கதிரவேலு ஓங்கிய கையை இறக்கினார். பின்னால் வரிசை நெருக்கியது. அன்று காலையில், ஓடப்போகிற நேரத்தில் பெரிய பானையில் சோறு எதற்கு என்று அவளை ஏசியது அவருக்கு நினைவு வந்தது.

"அப்ப, அந்தச் சோறு?"

"மூடி வைச்சிட்டு வந்தனான்."

அவர் திறப்பை அவளுடைய கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

"சாப்பிட்டிருப்பினம்," என்றார், நேரில் கண்டவர் மாதிரி.